அரிசியும் வைக்கோலும் ஒரே குளுக்கோஸ்தான்: செல்லுக்குள்ள இருக்கிற அந்த நாலு வகை பத்தி

நீங்க கேட்டதை மேலோட்டமா பார்த்தா "செல்லுக்கு அவசியமான ஆர்கானிக் (கார்பனை அடிப்படையா வச்ச) மூலக்கூறுகள் எத்தனை வகை, என்னென்ன"ங்கிற பாடப்புத்தக கேள்வி மாதிரிதான் இருக்கு. அதுக்கு பதில் ஒரே வரி, கார்போஹைட்ரேட், லிப்பிட் (கொழுப்பு, எண்ணெய் வகை), புரோட்டீன், நியூக்ளிக் ஆசிட் (டிஎன்ஏ, ஆர்என்ஏ), அதை நீங்களே கேள்வியில எழுதிட்டீங்க. அதுக்குக் கீழ சின்னதா ரெண்டு வரி சேர்த்திருக்கீங்க பாருங்க, "எல்லாத்துலயும் அதே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், கொஞ்சம் நைட்ரஜன்தானே இருக்கு, அப்புறம் எப்படி வேற வேற வேலை செய்யுது? வைட்டமினும் ஆர்கானிக்தானே, அது ஏன் லிஸ்ட்ல இல்ல?"ன்னு, உண்மையான கேள்வி அதுதான்னு நினைக்கிறேன். ரொம்ப நல்ல கேள்வி, இதை கேட்காமலே டிகிரி முடிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க.

நான் பயோகெமிஸ்ட்ரி படிச்சவன், பல வருஷமா மருத்துவ லேப்ல வேலை, கூடவே லேப் டெக்னீஷியன் படிக்கிற பசங்களுக்கு இதே பாடத்தை எடுத்துட்டும் இருக்கேன். அதனால ரத்தம், சுகர், ஹீமோகுளோபின் சம்பந்தப்பட்டதை தைரியமா சொல்வேன். உயிர் முதல்முதல்ல எப்படி உண்டாச்சுங்கிற பக்கம் என் துறை கிடையாது, அங்க நான் படிச்சு தெரிஞ்சுகிட்டதைத்தான் சொல்ல முடியும், அந்த இடம் வர்றப்போ சொல்லிடறேன்.

முதல்ல ஒரு அளவு மனசுல இருக்கட்டும். ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்துக்கிட்டா அதோட எடையில சுமார் 70 சதவீதம் வெறும் தண்ணி. தண்ணியை எல்லாம் எடுத்துட்டு காஞ்ச எடையை பார்த்தா பாதிக்கு மேல, கிட்டத்தட்ட 55 சதவீதம் புரோட்டீன், ஆர்என்ஏ 20 சதவீதம் வாக்குல, லிப்பிட் 9, டிஎன்ஏ வெறும் 3 சதவீதம். மிச்சத்துல செல் சுவர், கிளைக்கோஜன் (சேமிச்சு வச்ச குளுக்கோஸ் சங்கிலி), சின்னச் சின்ன மூலக்கூறுகள், உப்புகள் எல்லாம் வந்துரும். எல்லாரும் டிஎன்ஏ டிஎன்ஏன்னு பேசுறோம், ஆனா எடைக்கு பார்த்தா அது இவ்வளவுதான், ஆர்என்ஏ அதை விட பல மடங்கு அதிகம். இது ஏன்னு பின்னாடி வருது.

இந்த "நாலு"ங்கிற எண் இயற்கை போட்ட கணக்கு கிடையாது, நாம வசதிக்காக பிரிச்சதுதான், அதுவும் ஒரே அளவுகோல்ல பிரிக்கல. கார்போஹைட்ரேட், புரோட்டீன், நியூக்ளிக் ஆசிட் மூணையும் எதால ஆனதுங்கிறதை வச்சு பிரிச்சிருக்கோம்: சர்க்கரை, அமினோ ஆசிட், நியூக்ளியோடைடு. லிப்பிட்டை மட்டும் தண்ணியில கரையாதது, எண்ணெய் மாதிரி கரைப்பான்ல கரையறதுன்னு குணத்தை வச்சு பிரிச்சிருக்கோம், அதனாலதான் சமையல் எண்ணெயும் கொலஸ்ட்ராலும் பார்க்க சம்பந்தமே இல்லாம இருந்தும் ஒரே வகுப்புல உட்கார்ந்திருக்கு. லிப்பிட் நீளமான சங்கிலி பாலிமரும் கிடையாது. மத்த மூணும் நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல யூனிட் சேர்ந்து சங்கிலியா போகும், ஒரு கொழுப்பு மூலக்கூறுல கிளிசரால் ஒண்ணு, ஃபேட்டி ஆசிட் மூணு, அவ்வளவுதான், அதோட முடிஞ்சுது.

சரி, அதே அணுக்கள் எப்படி வேற வேற வேலை செய்யுதுங்கிறதுக்கு வர்றேன். என்ன அணு இருக்குங்கிறதை விட எந்த இடத்துல, எந்தப் பக்கம் பார்த்து, எதோட இணைஞ்சிருக்குங்கிறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது. இதுக்கு நம்ம வயல்லயே உதாரணம் இருக்கு. ஒரே நெற்பயிர், கதிர்ல இருக்கிற அரிசி நமக்கு, அடியில இருக்கிற வைக்கோல் மாட்டுக்கு. அரிசியில பெரும்பங்கு ஸ்டார்ச், வைக்கோல்ல பெரிய பங்கு செல்லுலோஸ் (கூட லிக்னின், சிலிக்கா எல்லாம் உண்டு). ஸ்டார்ச்சையும் செல்லுலோஸையும் ஆசிட்ல போட்டு முழுசா உடைச்சா ரெண்டுலயும் கடைசியில கிடைக்கிறது அதே குளுக்கோஸ், ஒரு அணு கூட வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் எங்கன்னா, குளுக்கோஸ் வளையத்துல முதல் கார்பன்ல ஒரு ஓஎச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) இருக்கு, அது கீழ பார்த்து இணைஞ்சா ஆல்ஃபா, மேல பார்த்து இணைஞ்சா பீட்டா. ஆல்ஃபாவா இணைஞ்சுட்டே போனா சங்கிலி தானா சுருள ஆரம்பிக்கும், தளர்வா இருக்கும், தண்ணியும் என்சைமும் (வேதிவினையை வேகமா நடத்தி வைக்கிற மூலக்கூறு) உள்ள நுழைய வழி இருக்கும். பீட்டாவா இணைஞ்சா ஒவ்வொரு குளுக்கோஸும் தலைகீழா திரும்பி திரும்பி சங்கிலி நேரா போகும், நேர் சங்கிலிகள் பக்கத்துல பக்கத்துல படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கும், நாரா ஆயிடும். நம்ம வேட்டி சட்டையில இருக்கிற பருத்தியும் கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ்தான், எத்தனை தடவை துவைச்சாலும் கரைஞ்சு போகாம இருக்கே, அது இதனாலதான்.

நம்ம எச்சில்லயும் கணையத்துலயும் இருக்கிற அமைலேஸ் என்சைம் ஆல்ஃபா இணைப்பை மட்டும்தான் வெட்டும், பீட்டாவை தொடாது. மாட்டுக்கும் பீட்டாவை வெட்டுற என்சைம் சொந்தமா கிடையாது, அதோட முதல் இரைப்பையில குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் வைக்கோலை உடைச்சு கொடுக்குது. வீட்லயே பார்க்கணும்னா வடிச்ச கஞ்சியை ஆற வச்சு, தண்ணி கலந்து அதுல ஒரு சொட்டு காயத்துக்கு போடற அயோடின் மருந்து விடுங்க, சட்டுனு கருநீலமா மாறும், ஸ்டார்ச் சுருளுக்குள்ள அயோடின் போய் உட்கார்றதால வர்ற நிறம் அது. அதே சொட்டை பஞ்சு மேல விட்டா வெறும் பழுப்பு கறைதான் நிக்கும், ஏன்னா அங்க சுருளே இல்ல. கஞ்சியில எச்சில் கொஞ்சம் கலந்து, கொஞ்ச நேரம் வெதுவெதுப்பா வச்சுட்டு அப்புறம் அயோடின் விட்டா நீலம் வெளிறிப்போயிருக்கும் இல்லேன்னா வரவே வராது. என் கிளாஸ்ல என்சைம்னா என்னன்னு புரிய வைக்க இதை விட நல்ல வழி எனக்கு கிடைக்கல.

கார்போஹைட்ரேட்னாலே எரிபொருள்னு மட்டும் நினைச்சுடாதீங்க. நம்ம ரத்த குரூப்பே சர்க்கரைதான். சிவப்பணு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற ஒரு சர்க்கரை சங்கிலியோட நுனியில என்ன இருக்குங்கிறதுதான் விஷயம்: என்-அசிட்டைல்கேலக்டோசமைன் இருந்தா ஏ, கேலக்டோஸ் இருந்தா பி, ரெண்டும் இருந்தா ஏபி, ரெண்டுமே இல்லாம அடிச் சங்கிலி மட்டும் இருந்தா ஓ. அந்த அடிச் சங்கிலியிலயே ஃபியூக்கோஸ்னு ஒரு சர்க்கரை இல்லாம போனா அதுதான் பாம்பே குரூப், 1952ல பம்பாய்ல டாக்டர் பெண்டேவும் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்சது. இவங்களுக்கு சாதாரண டெஸ்ட்ல ஓ குரூப்னு வந்துரும், ஆனா ஓ ரத்தம் ஏத்தினா உயிருக்கே ஆபத்து, இன்னொரு பாம்பே குரூப் ரத்தம்தான் ஏத்தணும். ஒரே ஒரு சர்க்கரை இல்லாததுக்கு இவ்வளவு விளைவு, ரத்த வங்கியில வேலை பார்க்கிறவங்களுக்கு இது வெறும் பாடம் கிடையாது.

லிப்பிட்டுக்கு வருவோம். மார்கழியில தேங்காய் எண்ணெய் பாட்டில்லயே உறைஞ்சு போகும், பக்கத்துலயே இருக்கிற நல்லெண்ணெய் உறையாது. தேங்காய் எண்ணெய்ல சுமார் 90 சதவீதம் சாச்சுரேட்டட் ஃபேட்டி ஆசிட், அதாவது கார்பன் சங்கிலியில இரட்டைப் பிணைப்பே இல்லாதது, நேரா இருக்கும், நெருக்கமா அடுக்கிக்கும், அதனால 24 டிகிரி வாக்குலயே கட்டியாகும். நல்லெண்ணெய்ல பெரும்பகுதி அன்சாச்சுரேட்டட், இரட்டைப் பிணைப்பு இருக்கிற இடத்துல சங்கிலி வளைஞ்சு நிக்கும், அடுக்க முடியாது. இதே வித்தையைத்தான் செல்லும் பண்ணுது. செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வு கெட்டியா போனாலும் ஆபத்து, ரொம்ப இளகினாலும் ஆபத்து, அதனால பாக்டீரியாவை குளிர்ல வளர்த்தா அது தன்னோட சவ்வுல வளைஞ்ச ஃபேட்டி ஆசிட்டை கூட்டிக்குது, சூடான இடத்துல நேரானதை கூட்டிக்குது. நம்ம செல்கள்ல கொலஸ்ட்ரால் இந்த சமன் வேலையில பெரிய பங்கு வகிக்குது, கொலஸ்ட்ரால்னாலே எதிரின்னு பார்க்கிறவங்க இதை தெரிஞ்சுக்கணும், அது இல்லாம நம்ம செல் சவ்வு ஒழுங்கா நிக்காது.

அந்த சவ்வு ரெண்டு அடுக்குன்னு எப்படி தெரிஞ்சுதுங்கிறது எனக்கு ரொம்ப பிடிச்ச கதை. 1925ல நெதர்லாந்துல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேர் சிவப்பணுக்கள்ல இருந்து லிப்பிட்டை பிரிச்சு எடுத்து தண்ணி மேல ஒரே அடுக்கா பரப்பினாங்க, அது பிடிச்ச இடம் அந்த செல்களோட மொத்த மேற்பரப்பை விட ரெண்டு மடங்கு வந்துச்சு, அப்போ செல்லுல இது ரெண்டு அடுக்கா இருக்கணும்னு சொன்னாங்க. அவங்க லிப்பிட்டை முழுசா எடுக்கலைங்கிறதும், செல்லோட பரப்பை குறைச்சு கணக்கு போட்டுட்டாங்கங்கிறதும் பின்னாடிதான் தெரிஞ்சுது, ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி முடிவு சரியா வந்துருச்சு. இன்னைக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்த்து ரெண்டு அடுக்குதான்னு உறுதி பண்ணியாச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா சவ்வுல சில லிப்பிட்கள் மட்டும் தனித் திட்டு திட்டா கூடி மிதக்குது, ராஃப்ட்னு சொல்வாங்க, அது உயிருள்ள செல்லுல எவ்வளவு பெருசு, எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே இன்னும் ஒத்த கருத்து வரல.

சேமிப்புன்னு பார்த்தாலும் கொழுப்புதான். ஒரு கிராம் கொழுப்புல 9 கிலோகலோரி, கார்போஹைட்ரேட்ல 4. அதோட கிளைக்கோஜனை சேமிக்கிறப்போ தண்ணியும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும், கொழுப்புக்கு அந்த சுமை இல்ல. நம்ம கல்லீரல்ல இருக்கிற கிளைக்கோஜன் சுமார் 100 கிராம்தான், ஒரு நாள் முழுக்க பட்டினி கிடந்தா அதுல பெரும்பகுதி தீர்ந்துரும்.

புரோட்டீன் பத்தி சொல்லணும்னா 20 வகை அமினோ ஆசிட்டை வரிசையா கோக்கிறது, வரிசை மாறினா வடிவம் மாறும், வடிவம் மாறினா வேலை மாறும். ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்கிற ஹீமோகுளோபின்ல பீட்டா சங்கிலின்னு ஒண்ணு (முன்னாடி சொன்ன பீட்டா இணைப்பு வேற, இது வெறும் பேர்தான்), 146 அமினோ ஆசிட் நீளம். அதுல ஆறாவது இடத்துல குளுட்டாமிக் ஆசிட்டுக்கு பதிலா வாலின் வந்தா அதுதான் சிக்கில் செல் நோய். மிச்சம் 145ம் சரியாத்தான் இருக்கு! ஆனா அந்த ஒரு இடத்துல தண்ணியை விரும்புறது போய் தண்ணியை வெறுக்கிறது வந்து உட்கார்ந்ததால, ஆக்சிஜன் குறையறப்போ ஹீமோகுளோபின்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கம்பி கம்பியா நீண்டு சிவப்பணுவையே அரிவாள் மாதிரி வளைச்சுடுது. இது மூலக்கூறு நோய்னு 1949ல லைனஸ் பாலிங்ங்கிற விஞ்ஞானியோட குழு சொன்னாங்க, எந்த அமினோ ஆசிட்னு சில வருஷம் கழிச்சு இங்கிராம்ங்கிற விஞ்ஞானி காட்டினாரு. இந்தியாவுல இதை முதல்ல பதிவு பண்ணினது 1952ல நம்ம நீலகிரி மலை மக்கள்கிட்டதான். லேப்ல இருக்கிறவனா ஒண்ணு சேர்த்து சொல்றேன், சுகருக்கு எச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கிறோமே, அது ரத்தத்துல இருக்கிற குளுக்கோஸ் என்சைம் உதவியே இல்லாம தானா இதே பீட்டா சங்கிலியோட முனையில போய் ஒட்டிக்கிறதை அளக்கிறதுதான், சிவப்பணு சுமார் 120 நாள் வாழறதால கடந்த ரெண்டு மூணு மாச சராசரி தெரியுது. சிக்கில் செல் மாதிரி சிவப்பணு சீக்கிரம் சாகிற நோய் இருந்தா அந்த நம்பர் பொய்யா குறைச்சு காட்டும், அதை மட்டும் நம்பி சுகர் கட்டுப்பாட்டுல இருக்குன்னு முடிவு பண்ணக்கூடாது.

புரோட்டீன் வடிவம்னு பேசினா மெட்ராஸ் யுனிவர்சிட்டியை விட்டுட்டு பேச முடியாது. நம்ம உடம்புல அதிகமா இருக்கிற புரோட்டீன் கொலாஜன், தோல், எலும்பு, தசைநாண் எல்லாத்துலயும் இருக்கிறது. அது மூணு சங்கிலி முறுக்கின அமைப்புன்னு 1954ல அங்க இருந்துதான் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் சொன்னாங்க. அப்புறம் 1963ல ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் போட்ட வரைபடம், ஒரு அமினோ ஆசிட் சங்கிலி எந்தெந்த கோணத்துல திரும்ப முடியும், எந்த கோணத்துல அணுக்கள் இடிச்சுக்கும்னு காட்டுறது, இன்னைக்கும் உலகத்துல எந்த லேப்ல புரோட்டீன் வடிவம் கண்டுபிடிச்சாலும் அது சரியான்னு பார்க்க அந்த வரைபடத்துல வச்சுத்தான் பார்க்கிறாங்க. அமினோ ஆசிட் வரிசையை கொடுத்தா வடிவத்தை சொல்ற கம்ப்யூட்டர் முறைக்கு 2024ல கெமிஸ்ட்ரி நோபல் கொடுத்தாங்க, அதனால புரோட்டீன் மடிப்பு பிரச்சனை தீர்ந்துச்சுன்னு பலர் எழுதறாங்க. கடைசி வடிவத்தை கணிக்கிறது பெருமளவு முடிஞ்சது உண்மை, ஆனா செல்லுக்குள்ள அது எந்த வழியா மடிஞ்சு அங்க போய் சேருது, நிலையான வடிவமே இல்லாத பகுதிகள் எப்படி வேலை பார்க்குதுங்கிறதெல்லாம் இன்னும் திறந்த கேள்விதான்.

நியூக்ளிக் ஆசிட்லயும் அதே கதைதான், ஒரே ஒரு ஆக்சிஜன். ஆர்என்ஏவோட சர்க்கரையில ரெண்டாவது கார்பன்ல ஒரு ஓஎச் இருக்கு, டிஎன்ஏவுல அந்த ஆக்சிஜன் இல்ல. அந்த ஓஎச் பக்கத்துல இருக்கிற பாஸ்பேட் இணைப்பை தானே தாக்கி சங்கிலியை அறுத்துக்கும், அதனால ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். டிஎன்ஏ அப்படி இல்ல, பத்து லட்சம் வருஷத்துக்கு மேல பழைய மாமத் பல்லுல இருந்து டிஎன்ஏ படிச்சிருக்காங்க. கோவிட் சமயத்துல ஆர்என்ஏ தடுப்பூசியை கடுங்குளிர்ல வச்சே கொண்டு போக வேண்டியிருந்துச்சே, ஆர்என்ஏவோட இந்த பலவீனமும் அதுக்கு ஒரு காரணம். பத்திரமா வைக்க டிஎன்ஏ, எடுத்து பயன்படுத்திட்டு தூக்கிப்போட ஆர்என்ஏ. பாக்டீரியாவுல ஆர்என்ஏ அவ்வளவு அதிகம்னு முன்னாடி சொன்னேனே, அதுல பெரும்பகுதி ரைபோசோம்ல இருக்கு. புரோட்டீன் தயாரிக்கிற அந்த ரைபோசோம்ல அமினோ ஆசிட்களை இணைக்கிற வேலையை செய்யறதே ஆர்என்ஏதான், புரோட்டீன் இல்ல. ரைபோசோம் அமைப்புக்காக 2009ல நோபல் வாங்கின மூணு பேர்ல வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்துல பிறந்தவரு.

இங்கதான் என் துறைக்கு வெளிய போறேன். ஆர்என்ஏவால தகவலையும் வைக்க முடியும், என்சைம் வேலையும் செய்ய முடியும்ங்கிறதால முதல்ல ஆர்என்ஏதான் வந்துச்சு, டிஎன்ஏவும் புரோட்டீனும் அப்புறம்தான்னு ஒரு கருத்து ரொம்ப வலுவா இருக்கு. ஆர்என்ஏ என்சைம் வேலை செய்யும்ங்கிறது நிரூபணமானது, அதுக்கு 1989ல நோபலே கொடுத்தாச்சு. ஆனா ஆரம்ப பூமியில உயிர் உண்மையிலேயே அப்படித்தான் தொடங்குச்சாங்கிறது நிரூபணம் ஆகல, லிப்பிட் பைகள் முன்னாடியே இருந்திருக்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க, மெட்டபாலிசம் (ஆற்றலும் பொருளும் உண்டாக்குற வேதிவினைத் தொடர்)தான் முதல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. யாராவது இதை முடிஞ்ச விஷயமா பேசினா நம்பாதீங்க.

கடைசியா வைட்டமின். அது லிஸ்ட்ல இல்லாததுக்கு காரணம் அது ஒரு வேதியியல் குடும்பமே கிடையாது. உடம்பால தேவையான அளவு தயாரிக்க முடியாதது, சாப்பாட்டுல இருந்து கொஞ்சமா வேணும்ங்கிறது மட்டும்தான் அதுக்கெல்லாம் பொது. ஏ, டி, இ, கே நாலும் லிப்பிட் பக்கம் சேரும், பி வகைகள் பெரும்பாலும் என்சைம்களோட சேர்ந்து வேலை பார்க்கிற துணை மூலக்கூறா மாறும். செல்லைக் கட்டுற பொருளா அதெல்லாம் போறதில்ல, ஆனா இல்லாம போனா கட்டினது நிக்காது. வைட்டமின் சியை பாருங்க, கொலாஜன்ல இருக்கிற ப்ரோலின்ங்கிற அமினோ ஆசிட் மேல ஒரு ஆக்சிஜனை ஏத்துற என்சைம் தொடர்ந்து ஓட இது வேணும். அந்த ஆக்சிஜன் ஏறலைன்னா ராமச்சந்திரன் சொன்ன அந்த மூணு முறுக்கு உடம்பு சூட்டுலயே பிரிஞ்சுடும், ஈறுல ரத்தம் வரும், பழைய காயம் திறக்கும், அதுதான் ஸ்கர்வி.

இதை படிச்சுட்டு கொலாஜன் பவுடர் வாங்கி குடிக்கலாமான்னு கேட்பீங்க, கிளாஸ்லயும் கேட்பாங்க. சாப்பிட்ட கொலாஜன் வயித்துல அமினோ ஆசிட்டாவும் சின்ன துண்டுகளாவும் உடையும்ங்கிறது உறுதி, கொஞ்சம் சின்ன துண்டுகள் ரத்தத்துக்கு போறதையும் அளந்திருக்காங்க. அது தோலுக்கு போய் நல்லது பண்ணுதாங்கிறதுக்கு இருக்கிற ஆய்வுகள்ல நிறைய சின்னது, பலதுக்கு பணம் போட்டது அதை விக்கிற கம்பெனிங்களே, அதனால நான் யாருக்கும் வாங்க சொல்றதில்ல. நெல்லிக்காய், கொய்யா சாப்பிடுங்க, பருப்பு முட்டை சாப்பிடுங்க, கொலாஜனை உடம்பு பார்த்துக்கும்.

பரீட்சைக்கு படிக்கிறதா கேள்வியில சொல்லியிருக்கீங்க. நாலு வகைன்னே எழுதுங்க, ஆனா லிப்பிட்டை பாலிமர்னு எழுதிடாதீங்க, அங்கதான் நிறைய பேர் மார்க் விடறாங்க. ஏடிபியை (செல் ஆற்றலுக்கு பயன்படுத்துற மூலக்கூறு) எந்த வகையில சேர்க்கிறதுன்னு கேட்டா அது நியூக்ளியோடைடு, ஆர்என்ஏவோட அதே யூனிட்தான், பாஸ்பேட் மட்டும் ரெண்டு கூட. கிளைக்கோபுரோட்டீன் (சர்க்கரை ஒட்டின புரோட்டீன்) மாதிரி ரெண்டு வகை கலந்ததை கேட்டா ரத்த குரூப்பை உதாரணமா எழுதுங்க.